மாயக் கதைகள் யாருக்குச் சொந்தம்?

மந்திரவாதிகள், மாயக் கோட்டைகள், அரசுரிமைப் போர்கள் ஆகியவற்றைச் சொல்லும் நாவல்களுக்கு இந்திய மொழிகளில் என்றும் வாசகர் உண்டு. இவை பெரும்பாலும் ஒரே நூலில் முடிவதில்லை. பாகம் பாகமாக வளர்பவை. எழுதியவர் நடுவில் விலகினாலோ பதிப்பகம் மூடப்பட்டாலோ கதை யாருக்குச் சொந்தம்? இக்கேள்விக்கு மூன்று காலங்கள் மூன்று விடைகளைத் தருகின்றன.

லக்னோவில் 1858-ஆம் ஆண்டு முன்ஷி நவல் கிஷோர் தொடங்கிய அச்சகம், 1883 முதல் 'திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா' என்னும் உருது மாயக்கதையைத் தொகுதிகளாக வெளியிட்டது. முதல் நான்கு தொகுதிகளை எழுதிய முகம்மது உசேன் ஜாஹ் அத்துடன் விலகினார். எஞ்சியவற்றை அகமது உசேன் கமர் எழுதி முடித்தார். முதலீடும் அச்சு எந்திரமும் பதிப்பாளரிடம் இருந்தமையால் கதையும் அவரிடமே நின்றது.

காசியில் வாழ்ந்த தேவகி நந்தன் கத்ரியின் வழி வேறு. சகியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த அவர், அங்கே கண்ட பாழடைந்த கோட்டைகளையும் குகைகளையும் களமாக்கி 1888-இல் 'சந்திரகாந்தா' என்னும் இந்தி நாவலைத் தந்தார். அதைப் படிப்பதற்காகவே பலர் இந்தி கற்றனர் என்று இலக்கிய வரலாறு கூறுகிறது. 1898-இல் அவர் லஹரி அச்சகத்தைச் சொந்தமாக நிறுவினார். 1913-இல் அவர் மறைந்தபோது 'பூத்நாத்' முற்றுப்பெறவில்லை. மகன் துர்கா பிரசாத் கத்ரி அதை நிறைவு செய்தார். அங்கே கதையும் அச்சகமும் ஒரே குடும்பத்தின் உடைமையாக இருந்தன.

நம் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதும் அமிஷ் திரிபாதி, நிதித்துறையில் பணியாற்றிக்கொண்டே சிவபெருமானை நாயகராகக் கொண்ட முதல் நாவலை எழுதினார். பதிப்பகங்கள் பல மறுத்துவிட, 2010-இல் அவருடைய இலக்கிய முகவரே அதை வெளியிட்டார். முதல் அத்தியாயத்தைச் சிறு நூலாக அச்சிட்டுப் புத்தகக் கடைகளில் இலவசமாக வழங்கச் செய்தார் அமிஷ். விற்பனை பெருகியதும் வெஸ்ட்லாண்ட் நிறுவனம் நூலை ஏற்றது. அந்நிறுவனத்தை வாங்கியிருந்த அமேசான், 2022 பிப்ரவரியில் அதை மூடுவதாக அறிவித்தது. ஆயினும் அமிஷின் நூல்கள் அழியவில்லை. அதே ஆண்டில் ஹார்ப்பர்காலின்ஸுக்கு மாறின. உரிமை ஆசிரியரிடம் திரும்ப வழி இருந்ததே காரணம்.

அந்த வழியை வகுப்பது ஒப்பந்தம். நம் வாசகர்களில் நாவல் எழுதுவோர் இருப்பின், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கூறும் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம்.

உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். எந்த நூல், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு உரிமைத்தொகை என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் அது 5 ஆண்டுகளாகவும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டுமாகவும் கொள்ளப்படும். பெற்ற உரிமையைப் பதிப்பாளர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிடில், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாத வரை, அம்மாற்றம் காலாவதியாகும். மொழிபெயர்ப்பு, திரைப்படம் போன்றவை தனித்தனியே வழங்கத்தக்க உரிமைகள். தொடர்கதை எழுதுவோர், அடுத்த பாகங்களும் கதைமாந்தரும் ஒப்பந்தத்தில் அடங்குகின்றனவா என்பதைக் கூர்ந்து படித்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

எழுத்தாளர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். அதை உயில் வழியாக வாரிசுகளுக்கு அளிக்கலாம். வீட்டுப் பத்திரத்தையும் வைப்புநிதி ரசீதையும் பாதுகாக்கும் குடும்பங்கள், பதிப்பக ஒப்பந்தத்தையும் அவற்றோடு சேர்த்து வைப்பது நல்லது.