180 வாட் பெட்டிக்குள் பொருந்தும் கிராஃபிக்ஸ் கார்டு

அலுவலகங்களுக்கென்று டெல், ஹெச்பி, லெனோவா நிறுவனங்கள் தயாரிக்கும் பிராண்டட் டெஸ்க்டாப்புகளில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளை பெரும்பாலும் 180 வாட்டிலிருந்து 300 வாட்டுக்குள் அடங்கிவிடும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050 வரிசையின் சிறிய பெட்டிக்கு 180 வாட், டவர் பெட்டிக்கு 240 வாட். அதற்கு முந்தைய 9020-இல் சிறியதற்கு 255, டவருக்கு 290. தட்டச்சும் கணக்கும் மின்னஞ்சலும் பார்க்கும் இயந்திரத்துக்கு இது தாராளம். அதே பெட்டியில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருக நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைவிட, பெட்டி எதைத் தாங்கும் என்பதே இங்கே முதல் கேள்வி.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்தக் கேள்வி எழ இடம் அதிகம். டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட் போன்ற பெரிய ஆலைகளும் சிப்காட் வளாகங்களும் உள்ள ஊரில், அவற்றை அண்டி ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகளும் டூல் ரூம்களும் இருக்கின்றன. டை, ஃபிக்சர், ஜிக் ஆகியவற்றின் வரைபடம் ஆட்டோகேடிலோ சாலிட்ஒர்க்ஸிலோ தயாராகி, உலோகத்தைக் குடையும் வி.எம்.சி. இயந்திரத்துக்கான புரோகிராமாக மாறுவது இத்தகைய மேசைக் கணினிகளில்தான். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர் தொலைவு. எலெக்ட்ரானிக் சிட்டி போகிற வழியிலேயே இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் ஓட்டிக் கழித்துவிடும் பிராண்டட் பெட்டிகள், பெங்களூரு எஸ்.பி. ரோடு போன்ற சந்தைகள் வழியாகச் செகண்ட் ஹேண்டாகக் கைமாறுகின்றன. வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்தது. இன்டெல்லின் 6, 7-ஆம் தலைமுறைப் பிராசசர்களில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆகவே மலிவாகக் கிடைக்கும் பெட்டி என்ன தலைமுறை என்று பார்த்துவிட்டுத்தான் அதற்கு மேல் கார்டுக்குச் செலவழிப்பது நியாயம்.

கார்டு உண்மையிலேயே வேண்டுமா என்பதும் கேட்க வேண்டியதே. டேலி, ஜி.எஸ்.டி. தாக்கல், எக்செல், சாதாரண 2டி வரைபடம் ஆகியவற்றுக்கு பிராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸ் போதும். இரண்டு மானிட்டரையும் அதுவே ஓட்டும். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ஒற்றை 4 ஜிபி ரேமை இரண்டு 8 ஜிபி ரேமாக்கினால், கார்டு வாங்கியும் வராத வேகம் பல பெட்டிகளில் வந்துவிடும். 3டி மாடலைச் சுழற்றும்போது திக்கித் திக்கி நகர்கிறது, வீடியோ எடிட்டிங் செய்ய வேண்டும், பையன் விளையாட வேண்டும் என்றால் மட்டுமே பேச்சு கார்டுக்கு வருகிறது.

மதர்போர்டில் கார்டு செருகும் நீண்ட ஸ்லாட், பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி அதிகபட்சம் 75 வாட் தரலாம். அதற்கு மேல் இழுக்கும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனியே 6 பின் (75 வாட்) அல்லது 8 பின் (150 வாட்) ஒயர் வர வேண்டும். அலுவலகப் பெட்டிகளில் அந்த ஒயர் பெரும்பாலும் இருக்காது. ஆக, தேட வேண்டியது தனி ஒயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு. பழைய சிறிய பெட்டிகள் சிலவற்றில் அந்த ஸ்லாட்டுக்கே 75 வாட்டுக்கும் குறைவான வரம்பை நிறுவனம் வைத்திருக்கும். மாடலின் கையேட்டில் அது குறிப்பிடப்பட்டிருக்கும்.

75 வாட் கார்டு என்பதாலேயே எல்லாப் பெட்டியிலும் ஓடிவிடும் என்று எண்ணக் கூடாது. 180 வாட் ஆப்டிபிளெக்ஸ் 7050-ஐ எடுத்துக்கொண்டால், ஐ5-6500 பிராசசரின் கணக்கு 65 வாட். மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 35. அதில் 75 வாட் கார்டைச் சேர்த்தால் 175. ஏட்டில் சரியாக வந்தாலும், ஆறேழு வருடம் ஓடிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை முழுச் சுமையில் நிறுத்தி வைப்பது அறிவுடைமை ஆகாது. திடீரென்று அணைந்து மறுபடி எழும் இயந்திரங்களில் பலவற்றின் நோய் இதுதான். 30 முதல் 50 வாட் வரையுள்ள கார்டு என்றால் அதே பெட்டியில் மூச்சுவிட இடம் இருக்கும். 240 வாட்டுக்கு மேலுள்ள டவர்களில் 75 வாட் கார்டும் தாராளமாக ஓடும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றிவிடலாமே என்று தோன்றும். அசெம்பிள்டு கணினியில் அது அரைமணி நேர வேலை. பிராண்டட் பெட்டியில் அப்படியல்ல. டெல் 9020-இலிருந்து மதர்போர்டுக்கு வழக்கமான 24 பின்னுக்குப் பதில் 8 பின் இணைப்பைக் கொண்டுவந்தது. ஹெச்பி, லெனோவா பெட்டிகளுக்கும் தனித்தனி வடிவம். சிறிய பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உடலளவே வேறு என்பதால் கடையில் விற்கும் சாதாரணமானது உள்ளே நுழையவே நுழையாது. டவர் பெட்டிக்கு 24-லிருந்து 8 பின்னாக மாற்றும் ஒயர் கிடைக்கிறது, அதை வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் ஒயரிலிருந்து 6 பின் எடுக்கும் மாற்றியை மட்டும் தொடவே கூடாது. சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 6 பின் இழுக்கக்கூடியது 75. உருகிக் கருகிய இணைப்புகள் இந்தக் கணக்குப் பிசகின் விளைவே.

அடுத்தது உடலளவு. சிறிய பெட்டிகளில் லோ புரொஃபைல் எனப்படும் பாதி உயரக் கார்டுதான் நிற்கும். கார்டோடு குட்டைத் தகடும் வருகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும், தனியே தேடினால் கிடைப்பது அரிது. சில மாடல்களில் நீண்ட ஸ்லாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒட்டியே இருப்பதால் இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள கார்டு இடித்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

கடைகளில் முதலில் நீட்டப்படும் கார்டு பெரும்பாலும் ஜிடி 710 அல்லது ஜிடி 730. இரண்டையும் தவிர்ப்பதே மேல். இவற்றின் கெப்லர் தலைமுறைச் சிப்புகளுக்குப் புதிய டிரைவர் தருவதை என்விடியா 2021-இலேயே நிறுத்திவிட்டது. போதாக்குறைக்கு ஜிடி 730 என்ற ஒரே பெயரில் 96 கோர் உள்ள பழைய சிப்பும் 384 கோர் உள்ள புதியதும் வெளிவந்தன. 2017-இல் வந்த ஜிடி 1030-லும் இதே பெயர்க் குழப்பம். 30 வாட் இழுக்கும் ஜிடிடிஆர்5 வகையின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி. மறு ஆண்டு வந்த டிடிஆர்4 வகையில் அது 16.8 ஜிபி. அட்டைப்பெட்டியில் பெயர் ஒன்றே. ஆட்டோகேடின் அண்மைப் பதிப்புகளுக்கு ஆட்டோடெஸ்க் சொல்லும் குறைந்தபட்ச அளவு நொடிக்கு 29 ஜிபி வேகமும் 2 ஜிபி நினைவகமும். முதல் வகை தேறுகிறது, இரண்டாவது தேறவில்லை.

டவர் பெட்டிக்காரர்களின் நெடுநாள் விருப்பம் 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ: 768 கோர், 4 ஜிபி, 75 வாட். அதற்குப் பின் 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அதே 75 வாட்டில் 896 கோர் தருகிறது. ஆனால் 1650 என்ற பெயரில் 6 பின் ஒயர் கேட்கும் கார்டுகளும் விற்கின்றன, குறிப்பாக ஜிடிடிஆர்6 நினைவகம் உள்ளவை. கார்டின் மேல் விளிம்பில் பின் துளை இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே உறுதியான வழி. புதிதாக வாங்குவோருக்கு 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி பொருத்தம். 2304 கோர், 70 வாட். இதே எண்ணில் 2022-இல் வந்த 8 ஜிபி வகை 130 வாட் இழுக்கும், தனி ஒயர் இல்லாமல் ஓடாது. விலை வித்தியாசத்தைப் பார்த்து அதைத் தூக்கி வந்துவிட்டால் கார்டு பயன்படாமலே கிடக்கும்.

வரைபட வேலைக்கு வேறொரு வழி இருக்கிறது, அதுவே இந்த வட்டாரத்துக்குக் கூடுதல் பொருத்தம் என்று சொல்லலாம். என்விடியாவின் தொழில்முறைக் கார்டுகளில் சிறியவை லோ புரொஃபைல், ஒற்றை ஸ்லாட், குறைந்த வாட் என்ற மூன்றையும் இயல்பாகவே நிறைவேற்றுகின்றன. குவாட்ரோ பி620 இழுப்பது 40 வாட், பி1000 47 வாட். 2021-இல் வந்த டி1000-க்குள் ஜிடிஎக்ஸ் 1650-இன் அதே 896 கோர் இருக்கிறது, இழுப்பதோ 50 வாட் மட்டும். 8 ஜிபி வகையும் உண்டு. சாலிட்ஒர்க்ஸ் சான்றளிக்கும் கார்டுகள் இத்தகையவைதான். மாடலை நிஜப் பொருள் போலக் காட்டும் அதன் ரியல்வியூ வசதி சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டுகளில் அடைபட்டே இருக்கும். மேலே சொன்ன 180 வாட் பெட்டியின் கணக்கில் டி1000-ஐ வைத்துப் பார்த்தால் மொத்தம் 150 வாட். விளையாட்டுக்காரர்கள் இவற்றைத் தேடுவதில்லை என்பதால் செகண்ட் ஹேண்டில் விலை வீங்காமல் இருக்கிறது. இவற்றின் வெளியீடு மினி டிஸ்ப்ளே போர்ட் என்பதால் மாற்று ஒயரின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பி வரிசையா டி வரிசையா என்றால் டி தான். பி620, பி1000, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ எல்லாமே பாஸ்கல் தலைமுறை. அதற்கும் அதற்கு முந்தைய மாக்ஸ்வெல்லுக்கும் 2025-உடன் புதிய டிரைவர் நின்று, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் சில ஆண்டுகள் வரும் என்று என்விடியா அறிவித்துவிட்டது. டி1000, 1650 ஆகியவை டூரிங். அவற்றுக்கு ஆதரவு தொடர்கிறது.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 இழுப்பது 53 வாட் மட்டும், அதனால் கவர்ச்சி அதிகம். ஆனால் அது ஸ்லாட்டின் நான்கு லேன் (தரவுப் பாதை) வழியாகவே பேசும், பிசிஐ 3.0 உள்ள பழைய மதர்போர்டில் வேகம் குறையும். வீடியோவை என்கோடு செய்யும் பகுதியும் அதில் கிடையாது. இன்டெல்லின் ஆர்க் ஏ380, 'ரீசைசபிள் பார்' என்னும் வசதி இல்லாத மதர்போர்டில் தன் திறமையில் பெரும்பகுதியை இழக்கிறது. பத்தாம் தலைமுறைக்கு முந்தைய அலுவலகப் பெட்டிகளுக்கு அதை நினைக்க வேண்டியதில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது போலிகளையும் கருத வேண்டும். பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டின் பயாஸைத் திருத்தி, 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் 2018-இலிருந்து இத்தகைய கார்டுகளைப் போலி என்று பெயருக்கு முன்னாலேயே காட்டிக் கொடுக்கிறது. கடையிலேயே அதை ஓட்டிப் பார்த்து, கால் மணி நேரம் ஒரு 3டி சோதனையில் விட்டு, திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகின்றனவா என்று கவனித்தால் போதும். மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பதில் நஷ்டமில்லை. மானிட்டரையும் கருத வேண்டும்: பட்டறைகளில் இன்னும் விஜிஏ மானிட்டர்கள் ஓடுகின்றன. பாஸ்கலிலிருந்து என்விடியா கார்டுகளில் அனலாக் வெளியீடு கிடையாது என்பதால், அந்த மானிட்டர்களுக்குச் சிக்னலை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் தேவைப்படும்.

கார்டைப் பொருத்தும் முன் நிறுவனத்தின் தளத்திலிருந்து பயாஸைப் புதுப்பித்துக்கொண்டால், புதிய கார்டைப் பழைய பெட்டி அடையாளம் காணாத தொல்லை பெரும்பாலும் தீரும். மானிட்டர் ஒயரை மதர்போர்டிலேயே விட்டுவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொண்டுவருவோரைக் கடைக்காரர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். ஒயர் கார்டில்தான் இருக்க வேண்டும். கிரைண்டிங் தூசியும் கூலன்ட் ஆவியும் உள்ள இடத்தில் ஃபேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் ஊத வேண்டும். மேசைக்கடியில் இருக்கும் 600 விஏ யூ.பி.எஸ். தரக்கூடியது வழக்கமாக 360 வாட். 150 வாட் இழுக்கும் பெட்டியும் ஒரு மானிட்டரும் அதற்குள் அடங்கும். லேசர் பிரிண்டரையும் அதிலேயே மாட்டியிருந்தால் அதை முதலில் கழற்றிவிட வேண்டும்.