பனிமனிதனுக்கு ஸ்வெட்டர் போட்டால் உருகிவிடுமா?

டிசம்பர் பிறந்தால் நம் ஊர் நர்சரிப் பள்ளிகள் பலவற்றில் ‘வின்டர் டே’ வந்துவிடும். முதல்நாள் இரவு வாட்ஸ்அப்பில் அறிவிப்பு: ஸ்வெட்டர், குல்லா, ஒரு பாக்கெட் பஞ்சு. வெளியே பருவமழைப் புழுக்கம். உள்ளே யூகேஜி பிள்ளைகள் வியர்க்க வியர்க்கக் கம்பளியைப் போட்டுக்கொண்டு, சார்ட் பேப்பரில் பஞ்சு ஒட்டிப் பனிமனிதன் செய்வார்கள். (பாதி ஒட்டுவது முந்தின இரவே அம்மாக்கள்தான்.) போட்டோ எடுத்தாயிற்றென்றால் குளிர்காலப் பாடம் முடிந்தது.

பஞ்சு ஒட்டினால் விரலுக்குப் பயிற்சி. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் குளிரைப் பற்றி ஒரு கேள்விகூட அதிலிருந்து எழாது.

பிரிட்டனின் தொடக்கப் பள்ளிகளில் இதே பனிமனிதனை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார்கள், வேறு விதமாக. 1990-களின் தொடக்கத்தில் பிரெண்டா கியோ, ஸ்டூவர்ட் நெய்லர் என்ற இரு அறிவியல் கல்வியாளர்கள் கார்ட்டூன் வழியாகப் பாடம் சொல்லும் முறையை உருவாக்கினார்கள். அதில் மிகவும் பேர்பெற்றது பனிமனிதனின் கோட்டு. கோட்டு மாட்டினால் உருகிவிடுவான் என்கிறது ஒரு குழந்தை. உருகாமல் காக்கும் என்கிறது இன்னொன்று. ஆசிரியர் வாயே திறப்பதில்லை. பிள்ளைகள் கட்சி பிரிந்து சண்டை போடட்டும் என்று விட்டுவிடுகிறார்.

இதற்குப் பனிப்பொழிவு தேவையில்லை. ஒரே டிரேயில் உறைந்த இரண்டு ஐஸ்கட்டிகளைத் தனித்தனி பாலிதீன் கவரில் போடுங்கள். ஒன்றை ஸ்வெட்டரில் சுற்றுங்கள், மற்றதை மேசைமேல் விடுங்கள். எது முதலில் உருகும்? ‘ஸ்வெட்டர்ல இருக்கறதுதான் மிஸ்’ என்று பெரும்பாலான கைகள் உயரும். ஸ்வெட்டர் என்றாலே சூடு என்றுதானே வீட்டில் சொல்லியிருக்கிறோம். அரைமணி கழித்துப் பிரித்தால் சுற்றிவைத்த கட்டிதான் பெரிதாக இருக்கும். ஸ்வெட்டர் தானாகச் சூடு தருவதில்லை, சூடு கடந்துபோவதைத் தடுக்கிறது, அவ்வளவே. நம் உடம்புச் சூட்டை வெளியே விடாதது போலவே வெளிச்சூட்டையும் உள்ளே விடாது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் எந்தக் குழந்தைக்கும் ஏறாது.

அமெரிக்க, கனடிய மழலையர் வகுப்புகளில் பரவலாக நடக்கும் இன்னொரு சோதனை, திமிங்கிலக் கொழுப்பு. இங்கே டால்டா போதும். ஒரு ஜிப் கவரில் டால்டாவை நிரப்பி, அதற்குள் இன்னொரு கவரைச் செருகினால் கையில் பிசுக்கு ஒட்டாத கொழுப்புக் கையுறை தயார். அதை மாட்டிக்கொண்டு ஒரு கை, வெறுமனே ஒரு கை, இரண்டையும் ஐஸ் தண்ணீரில் விடச் சொல்லுங்கள். வெறும் கை உடனே வெளியே வந்துவிடும். துருவக்கடலில் சீலும் திமிங்கிலமும் எப்படிப் பிழைக்கின்றன என்று அதன்பிறகு சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது கல்லுப்பு. எவர்சில்வர் டம்ளரில் உடைத்த ஐஸைப் போட்டால், சற்று நேரத்தில் வெளிப்புறம் முத்து முத்தாக நீர் கோக்கும். காற்றிலிருந்த ஈரம்தான் அது. மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் அதுவே. இப்போது ஐஸில் இரண்டு கைப்பிடி கல்லுப்பைப் போட்டுக் கிளறுங்கள். குளிர் பூஜ்ய டிகிரிக்கும் கீழே இறங்கி, டம்ளரின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உறைபனி பூக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளி வெளுப்பதும் தேயிலை கருகுவதும் இந்த உறைபனியால்தான் என்று அங்கேயே சொல்லிவிடலாம். குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைப் போடுவதும், டொராண்டோவில் லாரி லாரியாகச் சாலையில் உப்பைத் தூவுவதும் ஒரே சங்கதிதான்: உப்புக் கலந்த நீர் பூஜ்யத்தில் உறையாது. டம்ளரை வெறும் கையால் பிடித்துக்கொண்டே இருக்க மட்டும் விடக்கூடாது, தோல் பொசுங்கிவிடும்.

குளிர்காலம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு, சூரியன் தள்ளிப் போய்விட்டது என்றுதான் பெரியவர்களே பதில் சொல்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலையில் 15.2 கோடி. குளிருக்குக் காரணம் பூமியின் 23.5 டிகிரி சாய்வு. இருட்டிய அறையில் டார்ச்சை நேராக அடித்தால் தரையில் சின்ன, பளிச்சென்ற வட்டம். சாய்த்து அடித்தால் அதே வெளிச்சம் நீண்டு மங்கும். டிசம்பர் வெயில் இப்படித்தான் சாய்ந்து விழுகிறது.

மூன்றாம் வகுப்புக்கு மேல் என்றால் டார்ச்சோடு நிற்க வேண்டாம், மைதானத்துக்குக் கூட்டிப்போகலாம். டிசம்பர் 21-ஐ ஒட்டி, நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் சென்னையில் சுமார் 74 செ.மீ. விழும். அதே நாளில் டொராண்டோவில் சுமார் 2.4 மீட்டர். அங்கே சித்தப்பாவோ அத்தையோ இருக்கும் பிள்ளைகள் வகுப்புக்கு ஒன்றிரண்டாவது இருப்பார்கள். அந்தச் சித்தப்பா, அத்தை வீட்டுப் பிள்ளைகளை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். ஏப்ரல் 24-ஐ ஒட்டி சென்னையில் அந்த நிழல் காணாமலே போகும்.

ஆசிரியர்களே, அரையாண்டு விடுமுறை விடுவதற்குள் ஒரு நாள் பன்னிரண்டு மணிக்குக் குச்சியை நட்டுவிடுங்கள். அளவை வகுப்புச் சுவரில் தேதியோடு எழுதிவையுங்கள். ஏப்ரலில் அதே பிள்ளைகளே மறுபடி அளக்க வேண்டும்.