இருட்டில் படி இறங்கும்போது காலுக்கு வழி சொல்வது யார்?

மின்சாரம் போன இரவில் மாடிப்படி இறங்கியிருக்கிறீர்களா? கண் தெரியாவிட்டாலும் கால் படியைக் கண்டுபிடித்துவிடும். தசையும் மூட்டும் 'இங்கே இருக்கிறேன்' என்று நரம்பு வழியே மூளைக்கு ஓயாமல் சேதி அனுப்புவதால்தான்.

அந்த நரம்புக் கம்பி மெல்ல மெல்ல நைந்துபோனால்?

அதுதான் பிரீட்ரைக் அட்டாக்சியா. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகர மருத்துவர் நிகோலாஸ் பிரீட்ரைக் 1863-இல் விவரித்த அரிய பரம்பரை நோய். பெரும்பாலும் பள்ளி வயதில் தொடங்கும். நடை தடுமாறும், பேச்சு குழறும். முதுகெலும்பு வளையலாம். இதயத் தசையையும் தாக்கும்; சிலருக்குச் சர்க்கரை நோயும் வரும்.

இத்தனையையும் ஒரே மருத்துவர் எப்படிப் பார்ப்பார்? தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்க ஊரே கூடினாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் இல்லாமல் தேர் திரும்பாது. இங்கேயும் அப்படித்தான். இயன்முறை மருத்துவர், காலுக்குக் கண்ணைத் துணையாக்கி நடக்கப் பழக்குவார். பேச்சுப் பயிற்சியாளர் புரையேறாமல் விழுங்கக் கற்றுத்தருவார். ஆனால் பயிற்சியை எவ்வளவு கூட்டலாம் என்பதை இதய மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. அதனால் இவர்கள் கூடிப் பேசியே ஆகவேண்டும்.

நைந்த கம்பியைப் பயிற்சி ஒட்டவைக்காது. ஆனால் தடித்த கைப்பிடி வைத்த ஒரு கரண்டி, பிள்ளை தன் கையாலேயே சாப்பிட வழிசெய்யும். அதையும் நான் மருத்துவம் என்றுதான் சொல்வேன்.