‘ஏசோக்’ என்றைக்கு விடியும்?



நாம் மூன்று மொழிகளுக்கு நடுவே வாழ்கிறவர்கள். வீட்டில் ‘நாளைக்கு’ என்கிறோம். கடைத்தெருவில் ‘ஏசோக்’ என்கிறோம். சீனர் கடையில் ‘மிங் தியேன்’ என்று காதில் விழுகிறது. மூன்றுக்கும் அகராதியில் ஒரே பொருள்தான். ஆனால் வாகனம் பழுது பார்க்கும் பட்டறையில் மட்டும் இதற்கு வேறு பொருள் உண்டு. ‘இன்றைக்கு இல்லை, என்றைக்கு என்று என்னைக் கேட்காதே!’ என்பதே அது.

உங்களில் பலர் இதை அனுபவித்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் நடந்தே வேலைக்குப் போனவர்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். நானும் ஒரு பழைய வேனைக் கொடுத்துவிட்டுப் பட்ட பாட்டை இங்கே சொல்லப் போகிறேன். என் சோகக் கதையைக் கேட்டு நீங்கள் கண்ணீர் விட வேண்டும் என்பதற்காக அல்ல. நான் செய்த தவற்றை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காக.

வேன் எதற்கு?

எங்கள் ஊர் ஜொகூர் மாநிலத்தின் லாயாங் லாயாங். மலாயில் அந்தச் சொல்லுக்குப் பட்டம் என்று பொருள். 1909-ல் முடிக்கப்பட்ட ஜொகூர் இரயில் பாதையில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே அமைந்த சிற்றூர். நாலாபுறமும் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. பெரிய வைத்தியம் என்றால் ரெங்கம் வழியாகக் குளுவாங் போக வேண்டும்.

என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பிறகு செம்பனைக்கு உரம் போட்டவர். இனிப்பு நீர் நோய் முதலில் அவருடைய ஒரு காலை வாங்கியது. பிறகு சிறுநீரகத்தையும் வாங்கியது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. சக்கர நாற்காலியோடு அவரைக் குளுவாங்குக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர, வாடகைக் காடிக்கு ஒரு தடவைக்கு 80 வெள்ளி கொடுத்தோம். மாதத்துக்கு ஆயிரத்தைத் தாண்டியது. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆன இந்த நாட்டில், ஒரு தொழிலாளி வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய பாரம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு பழைய நிசான் வானெட் வேனை வாங்கினோம். தம்பி செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவன். பகலில் அவனே ஓட்டுவதாக ஏற்பாடு. செய்ய வேண்டிய மாற்றம் பெரியதல்ல. நடு வரிசை இருக்கையைக் கழற்ற வேண்டும். பின்கதவில் மடக்கும் சாய்வுப் பலகை வைக்க வேண்டும். நாற்காலி அசையாமல் இருக்கத் தரையில் நான்கு கொக்கிகள் போட வேண்டும். பின்பக்கம் ஒரு காற்றாடியும் ஒரு விளக்கும் வேண்டும். இவ்வளவுதான்.

இரண்டு வாரம், பதினொரு வாரம்

முதலில் போன பட்டறையின் முதலாளி நல்ல பேச்சுக்காரர். “இது என்ன வாத்தியாரே, சின்ன வேலை! இரண்டு வாரம் போதும். மொத்தம் 2,800 வெள்ளி” என்றார். முன்பணமாக 1,500 கொடுத்தேன். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ‘1,500 ஓகே’ என்று எழுதிக் கொடுத்தார். அதுதான் ரசீது!

இரண்டு வாரம் கழித்துப் போனால், “சாமான் வரவில்லை, ஏசோக்” என்றார். மூன்றாம் வாரம் போர்மேனுக்குக் காய்ச்சல். ஐந்தாம் வாரம் போனபோது வேனையே காணோம்! வெல்டிங் வேலைக்காக வேறொரு கடைக்கு அனுப்பிவிட்டாராம். என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அங்கே தேடிப் போனால், மழையில் கதவு திறந்தபடி கிடந்தது எங்கள் வேன். கழற்றிய இருக்கை எங்கே என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘இன்னும் 500 கொடுத்தால் சீக்கிரம் முடியும்’ என்றார்கள். கொடுத்தேன். பதினோராம் வாரம் வேன் வந்தது. மீதி 800-ஐயும் வாங்கிக்கொண்டுதான் சாவியைத் தந்தார்கள்.

இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். சொன்ன நாளுக்கு மேல் ஒன்பது வாரம். வாரத்துக்கு மூன்று பயணம் என்றால் 27 பயணம். தலா 80 வெள்ளி என்றால் 2,160 வெள்ளி! முன்பணத்தைவிடத் தாமதம் அதிகமாகத் தின்றுவிட்டது. பட்டறைக்காரர் ‘ஏசோக்’ என்று சொல்லும்போது அவருக்குச் செலவில்லை. நமக்குத்தான் ஒவ்வொரு ‘ஏசோக்’குக்கும் ஒரு விலை இருக்கிறது.

பலகை நான்கடி, பயம் நாற்பதடி

வேன் வந்த அன்று அம்மாவை ஏற்றப் பார்த்தோம். தரையிலிருந்து வேனின் தளம் ஏறக்குறைய இரண்டடி உயரம். அவர்கள் வைத்த பலகையோ நான்கடி நீளம். ஓரடி உயர இரண்டடிதான் நீளம் என்றால், அது சாய்வா, சுவரா? பாதி தூரம் தள்ளியதும் நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. “வேணாம்யா, என்னை இறக்கி விடு” என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மரத்திலும் பாம்பிலும் பயப்படாத கை, அன்றைக்கு நடுங்கியது.

கொக்கிகளின் கதை இன்னும் மோசம். தளத்தின் மெல்லிய தகட்டில் வெறும் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் நான்கு நாள் ஓடியதும் இரண்டு கொக்கிகள் கையோடு வந்துவிட்டன. வேகமாக பிரேக் போட்டிருந்தால் நாற்காலி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடல் கூசுகிறது.

இரண்டாவது கடையில் விளக்கையும் காற்றாடியையும் சரி செய்யக் கொடுத்தோம். அவர்கள் பேட்டரியிலிருந்து நேராக ஒரு கம்பியை இழுத்து, நடுவில் ஃபியூஸ் கூட வைக்காமல் விட்டார்கள். சாவியை எடுத்த பிறகும் காற்றாடிக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஒரு விடியற்காலை வேன் உயிர் பெறவே இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. வாடகைக் காடியும் கிடைக்கவில்லை. அன்றைய சுத்திகரிப்பு தவறியது.

சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு ஒரு நாள் தவறினால், வெளியேற வேண்டிய நீரும் பொட்டாசியம் என்ற உப்பும் உடம்பிலேயே தங்கிவிடும். நீர் நுரையீரலில் சேர்ந்தால் மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறினால் இருதயமே நின்றுவிடக்கூடும். அன்றிரவு அம்மாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஓர் இரவை நான் மறக்க மாட்டேன். பட்டறைக்காரருக்கு அது ஒரு முழம் கம்பி. எங்களுக்கு அது ஓர் உயிர்.

குற்றம் யாருடையது?

‘அந்த இனத்தவன் கடைக்குப் போனால் இப்படித்தான்’ என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. எங்களை அலைக்கழித்தவர்களில் நம்மவரும் உண்டு, மற்றவரும் உண்டு. பொய்க்கு மொழி கிடையாது.

நியாயமாகப் பார்த்தால் பட்டறைக்காரருக்கும் சங்கடங்கள் இருக்கின்றன. சிற்றூரில் தேர்ந்த கைகள் தங்குவதில்லை. நல்ல சம்பளம் தேடிச் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறார்கள். எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது அன்றாடம் காசு தரும் வேலை. வேனை மாற்றியமைப்பது அப்படியல்ல. அளவெடுக்க வேண்டும், யோசிக்க வேண்டும், ஒரு தடவை செய்ததை மறுதடவை செய்யும் வாய்ப்பும் இல்லை. ஆகவே அது மூலைக்குப் போகிறது. புதிய ஆளிடம் வாங்கிய முன்பணத்தில் பழைய ஆளின் சாமான் வாங்கப்படுகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வெட்கப்பட்டு, ‘முடியும்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் என் குற்றமும் இருக்கிறது. மாணவர்களிடம் ‘தேதி போடு, அளவு எழுது, கோடு போட்டுக் காட்டு’ என்று நாள்தோறும் சொல்பவன் நான். என் சொந்த வேலைக்கு ஒரு தாளில் ஒரு கோடுகூடப் போடவில்லை. ‘நாற்காலி ஏறுகிற மாதிரி’ என்று வாயால் சொன்னேன். எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம், எத்தனை கிலோ என்று சொல்லவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நான்தான்.

ஒரு முதியவரின் நோட்டுப் புத்தகம்

கடைசியில் எங்களைக் காப்பாற்றியவர், முன்பு தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர். வேனைச் சுற்றி வந்தார். குனிந்து அடியைப் பார்த்தார். பிறகு, “வாத்தியாரய்யா, அம்மாவை நாற்காலியோட இங்க கூட்டி வாங்க. ஆளைப் பார்க்காம அளவெடுக்க மாட்டேன்” என்றார். வேறு எவரும் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதே இல்லை!

அவர் சொல்லிக் கொடுத்தவை இவை. கட்டடங்களில் சக்கர நாற்காலிச் சாய்வு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும். இரண்டடிக்கு 24 அடி. அது வேனையே மிஞ்சிவிடும். ஆகவே இரண்டாக மடியும் எட்டடிப் பலகை, இருபுறமும் சக்கரம் விலகாமல் விளிம்பு, பின்னாலிருந்து தள்ள எப்போதும் பெரியவர் ஒருவர், முன்னாலிருந்து இழுக்க இன்னொருவர். கொக்கிகளைத் தகட்டில் போடக்கூடாது. அடியில் கனமான இரும்புத் தகடு கொடுத்து, சட்டத்தோடு சேர்த்துப் போல்ட் முடுக்க வேண்டும். நாற்காலிக்குக் கட்டு வேறு, ஆளுக்குப் பெல்ட் வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வெல்டிங் செய்யுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் கெடலாம். வெல்டிங் செய்த இடத்தில் துரு பிடிக்காமல் உடனே சாயம் பூச வேண்டும். எந்தப் புதுக் கம்பிக்கும் பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் வேண்டும்.

இன்னொன்றும் கேட்டார்: “ஜேபிஜேகிட்ட சொல்லிட்டீங்களா?” நான் விழித்தேன். வாகனத்தின் அமைப்பையோ இருக்கை எண்ணிக்கையையோ மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். பரிசோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்தோடு விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும். அனுமதிக்கு எழுதிய பிறகே அவர் கையில் கருவி எடுத்தார். செலவு 1,650 வெள்ளி, நாள் பன்னிரண்டு. பள்ளி நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு செலவையும் எழுதி, மாற்றிய பழைய சாமான்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

சட்டம் நமக்கும்தான்

வாசகர்களே, ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 1969-லிருந்து பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் பயனீட்டாளர் உரிமைக்காகக் குரல் கொடுத்து வந்திருக்கின்றன. 1999-ல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும்; சொன்ன நோக்கத்துக்குப் பயன்பட வேண்டும்; நாள் குறிக்காவிட்டாலும் நியாயமான காலத்தில் முடிக்க வேண்டும்; விலை பேசாவிட்டாலும் நியாயமான விலையே வாங்க வேண்டும். இவை அந்தச் சட்டம் நமக்குத் தரும் உத்தரவாதங்கள். பட்டறைகளுக்கென்றே 2002-ல் தனி விதிகளும் வந்தன.

அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்ததே பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். நானும் மனுச் செய்தேன். என்னிடம் இருந்த சான்று அந்த நாட்காட்டித் தாளும் சில படங்களும்தான். விசாரணைக்கு முன்பே முதல் பட்டறைக்காரர் சமாதானத்துக்கு வந்து 1,200 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். முழுப் பணமும் வரவில்லை. ஒழுங்கான தாள் ஒன்று என் கையில் இருந்திருந்தால் வந்திருக்கும்.

ஆகவே, வாகனத்தைக் கொடுக்குமுன் இவற்றைச் செய்யுங்கள். வேலையை வரிசையாக எழுதுங்கள். படம் தெரியாவிட்டால் பிள்ளைகளை விட்டு வரையச் சொல்லுங்கள். விலை, முடிக்கும் தேதி, வேலை எங்கே நடக்கும் என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வேலைக்கேற்பப் பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். பாதிக்கு மேல் முன்பணம் வேண்டாம். கொடுக்கும்போதே வாகனத்தை உள்ளும் புறமும் படம் எடுங்கள். கழற்றியதைத் திருப்பிக் கேளுங்கள். சாவியை வாங்குமுன் ஓட்டிப் பாருங்கள். யாருக்காகச் செய்தோமோ அவரை ஏற்றிப் பாருங்கள்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை எங்கள் பழைய வேன் குளுவாங்குக்குப் புறப்படுகிறது. தம்பி பின்னாலிருந்து தள்ள, நான் முன்னாலிருந்து பிடிக்க, அம்மா ஏறுகிறார். ஏறியதும் நான்கு கொக்கிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பிறகுதான், “ம், எடுப்பா” என்பார். சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு ‘ஏசோக்’ தெரியாது. அது குறித்த நாளில், குறித்த நேரத்தில் காத்திருக்கிறது. நாமும் அந்த நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும்.