கல்லறைத் தோட்டங்கள்: சூரத் முதல் கொஹிமா வரை

ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டு முடியும்வரை இறந்தவர்களைப் பெரும்பாலும் தேவாலயத்தின் தரைக்கடியிலோ, அதை ஒட்டிய முற்றத்திலோதான் புதைத்தார்கள். பணமும் பதவியும் இருந்தவர்களுக்குப் பீடத்துக்குப் பக்கத்தில் இடம், மற்றவர்களுக்கு வெளியே. ஊருக்கு அப்பால், மரங்களும் நடைபாதைகளுமாகத் தனிக் கல்லறைத் தோட்டம் அமைக்கும் வழக்கம் பாரிஸில் 1804-ல் பெர் லாஷேஸும் லண்டனில் 1833-ல் கென்சல் கிரீனும் திறக்கப்பட்ட பிறகே அங்கே பரவியது. இந்தியாவுக்குப் பிழைக்க வந்த ஐரோப்பிய வணிகர்கள் அதை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்திக்கொண்டு செய்திருந்தார்கள்.

அதற்குக் காரணம் தேவை. முகலாயர் ஆட்சியில் இருந்த துறைமுகங்களில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் பண்டகசாலை இருந்தது. புதைப்பதற்கு இடம் தரும் பெரிய தேவாலயம் இல்லை. ஊருக்கு வெளியேதான் நிலம் கிடைத்தது. கண்ணெதிரே நின்ற முன்மாதிரியோ தோட்டத்தின் நடுவே குவிமாடம் எழுப்பிய முஸ்லிம் பிரபுக்களின் சமாதிகள். உள்ளூர்க்காரர்கள் மதிக்க வேண்டுமானால் அவர்களுக்குப் புரிகிற வடிவத்தில்தான் பெருமையைக் காட்டியாக வேண்டும்.

வட இந்தியாவின் மிகப் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் ஒன்று ஆக்ராவில் இருக்கிறது. அர்மீனிய வணிகர்களின் இடுகாடாகத் தொடங்கியது அது. இந்தியாவில் அடையாளம் தெரிந்த ஆங்கிலேயர் கல்லறைகளில் மிகப் பழையது அங்கேதான்: ஜான் மில்டன்ஹால் என்ற வணிகர், அக்பரின் அவைவரை போய் வந்தவர், 1614-ல் அஜ்மீரில் இறந்தார், உடல் ஆக்ராவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய கல்லறை எழுத்து போர்த்துக்கீசிய மொழியில் இருக்கிறது. அன்று இங்கே வந்த ஐரோப்பியர்களுக்குப் பொது மொழி ஆங்கிலமாக இருக்கவில்லை.

சூரத்தில் நடந்தது போட்டி. ஆங்கிலேயப் பண்டகசாலையில் பணியாற்றிய கிறிஸ்டபர் ஆக்சன்டன் 1659-ல் இறந்தார். அவருடைய சகோதரர் சர் ஜார்ஜ் ஆக்சன்டன், 1664-ல் சிவாஜியின் படை சூரத்தைச் சூறையாடியபோது பண்டகசாலையை விட்டுக்கொடுக்காமல் காத்தவர், 1669-ல் மறைந்தார். இருவருக்குமாக நிற்கும் கட்டடம் இரண்டு அடுக்கு: கீழே கனத்த தூண்கள், வளைவுகள், மேலே ஏறப் படிகள், உச்சியில் குவிமாடம். உள்ளே கிடப்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்கள்; வெளியே பார்த்தால் ஒரு நவாபின் சமாதி.

டச்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1691-ல் ஹெண்ட்ரிக் வான் ரீட் கப்பலில் சூரத்துக்கு வரும் வழியில் இறந்தார். மலபார் தாவரங்களைப் பற்றி 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ இவர் தொகுத்தது. கேரளத்து வைத்தியர் இட்டி அச்சுதனின் மூலிகை அறிவு இல்லாமல் அந்த நூல் உருவாகியிருக்காது. சூரத் டச்சுத் தோட்டத்தில் எழுந்த வான் ரீடின் சமாதி, ஆக்சன்டன் சமாதியை மிஞ்சவேண்டும் என்று கட்டியதாகவே சொல்வார்கள். டச்சுக் கம்பெனி அதிகாரிகளின் ஊழலை விசாரித்து ஒழிக்க அனுப்பப்பட்டவர் அவர். அவருக்கே கம்பெனியின் ஆடம்பரமான சமாதி அமைந்தது வேடிக்கைதான்.

சூரத்தின் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தை நேரில் பார்த்த இளைஞர் ஒருவரால் சூரத்தின் பெயர் இங்கிலாந்தின் கட்டடக்கலை வரலாற்றில் ஏறியது. பிற்காலத்தில் பிளெனிம் அரண்மனையைக் கட்டிய ஜான் வான்ப்ரு, 1680-களில் சூரத்தில் கம்பெனி ஊழியராக இருந்தவர். லண்டனில் ஐம்பது புதிய தேவாலயங்கள் கட்டத் திட்டமிட்டபோது, 1711-ல் அவர் எழுதிக்கொடுத்த யோசனைகளில் தேவாலயத்துக்குள் புதைப்பதை நிறுத்த வேண்டும், ஊர் ஓரத்தில் தனித் தோட்டம் வேண்டும் என்பதும் ஒன்று. சான்றாக அவர் காட்டியது சூரத் ஆங்கிலேயர்களை. கூடவே நினைவிலிருந்து ஒரு வரைபடமும் போட்டிருந்தார். லண்டன் அதைக் காதில் வாங்க நூறு ஆண்டுக்கு மேலானது.

சோழமண்டலக் கரையில் கதை வேறு. பழவேற்காட்டில் 1613 முதல் டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டை இருந்தது. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்து வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. சாவை நினை என்ற ஐரோப்பியப் புராட்டஸ்டண்ட் அறிவுரை, மீனவர் ஊரில் கருங்கல்லில். உள்ளே குடும்பச் சின்னங்களும் அலங்கார எழுத்துகளும் பொறித்த கற்பலகைகள். கல்பாக்கம் அருகே சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள்ளும் இத்தகைய டச்சுக் கல்லறைகள் உண்டு. கொச்சி டச்சுக் கல்லறைத் தோட்டம் இவற்றுக்குப் பிந்தியது: 1724-ல் அர்ப்பணிக்கப்பட்டு, 1913-ல் கடைசி ஆளைப் பெற்றது. அதற்குப் பக்கத்துப் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில்தான் 1524-ல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்தார்கள். எச்சங்களைப் பிறகு போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

சென்னைக் கோட்டையின் புனித மரியாள் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் கல்லறைகளை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருப்பவை முழுக்கக் கல்லறைப் பலகைகள். இலத்தீன், போர்த்துக்கீசியம், அர்மீனியம் என்று பல மொழிகள். ஆனால் அவற்றின் அடியில் யாரும் இல்லை. தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது 1680-ல். அங்கே கிடக்கும் கற்களில் ஒன்று 1652-ல் இறந்த எலிசபெத் பேக்கருடையது. இவர் சென்னையின் முதல் பிரசிடென்டாகப் பொறுப்பேற்க வந்த ஏரன் பேக்கரின் மனைவி. வரும் வழியில் கப்பலிலேயே இறந்தவர். தேவாலயத்தைவிடக் கல் மூத்ததாக இருப்பதன் விடை போரில் இருக்கிறது.

பழைய ஆங்கிலேயர் இடுகாடு கோட்டைக்கு வெளியே, இப்போது உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் பக்கம் இருந்தது. அங்கே உயர உயரமாக எழுப்பிய சமாதிகள் 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது எதிரிக்கு மறைப்பாக உதவின. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் செய்த முதல் காரியங்களில் ஒன்று அந்தச் சமாதிகளை இடித்ததுதான். பெயர் பொறித்த பலகைகளை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்து தேவாலய முற்றத்தில் பரப்பினார்கள். அதோடும் விடவில்லை. 1782-ல் ஹைதர் அலியோடு போர் நடந்த காலத்தில் அதே பலகைகளைப் பெயர்த்துப் பீரங்கிகளுக்கு அடிக்கல்லாகப் போட்டார்கள். சில கற்கள் உடைந்தும் மூளியாகியும் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இடிப்பிலிருந்து தப்பி நிற்பவற்றில் ஒன்று, மேலே கூராக ஒடுங்கும் ஒரு தூண். 1680-ல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ் அங்கே புதைக்கப்பட்டவர். அவருடைய மனைவி கேத்தரின் அதே ஆண்டு நவம்பரில் எலிஹு யேலை மணந்தார். புனித மரியாள் தேவாலயப் பதிவேட்டின் முதல் திருமணம் அது. யேல் பின்னால் சென்னை ஆளுநரானார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெயரும் கொடுத்தார். அவர்களுடைய குழந்தை டேவிட் இறந்தபோது ஹின்மர்ஸ் பக்கத்திலேயே புதைத்தார்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இந்தத் தூண், வாகன நிறுத்தம் கட்டும் திட்டத்துக்காக 2023-ல் உயர் நீதிமன்றம் வேறிடத்துக்கு மாற்றச் சொன்னபோது மறுபடி செய்திக்கு வந்தது. முற்றுகைக்குப் பிறகு சென்னை ஆங்கிலேயர்களுக்குத் தீவுத்திடல் பக்கம் புதிய இடம் ஒதுக்கினார்கள். அது இன்றும் புனித மரியாள் கல்லறைத் தோட்டமாக இருக்கிறது.

சென்னையின் கல் ஒன்று கல்கத்தாவுக்குப் போய்ப் புவியியல் பாடப்புத்தகத்தில் ஏறிய கதையும் உண்டு. ஆங்கிலேயர் குடியேற்றத்தை அங்கே அமைத்த ஜாப் சார்னாக், 1693 ஜனவரியில் இறந்தார். மருமகன் சார்லஸ் அயர் எழுப்பிய எண்கோண மண்டபம் புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. வங்கச் சமவெளியில் கல்லுக்கு எங்கே போவது? கல்லறைப் பலகைக்கான கருங்கல் பல்லாவரத்திலிருந்து போயிற்று. இருநூறு ஆண்டு கழித்து, 1893-ல், புவியியலாளர் ஹாலண்ட் அந்தப் பாறை வகைக்கு இந்தக் கல்லறையை வைத்தே ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். பரங்கிமலையில் உள்ள அதே பாறை இன்று தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்.

கல் கிடைக்காத அதே சிக்கல்தான் கல்கத்தாவின் தெற்கு பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்துக்கு அதன் தோற்றத்தைக் கொடுத்தது. 1767-ல் திறந்தார்கள், அந்தத் தெருவுக்கே அப்போது இடுகாட்டுச் சாலை என்றுதான் பெயர். சமாதிகள் செங்கல்லில் எழுந்து சுண்ணாம்புச் சாந்து பூசிக்கொண்டன. செங்கல் மலிவு, கொத்தனார் கூலி மலிவு, சாவோ அடிக்கடி. ஆகவே பிரமிடுகளும், கூர்தூண்களும், கிரேக்கக் கோயில் போன்ற மண்டபங்களும் நெருக்கியடித்துக்கொண்டு எழுந்தன. பெரும்பாலானவர்கள் முப்பதைத் தாண்டாதவர்கள் என்பது எழுத்துகளை வாசித்துக்கொண்டே நடந்தால் தெரியும். மனிதனுக்கு ஆயுள் இரண்டு மழைக்காலம் என்பது பம்பாயில் அந்நாளைய ஆங்கிலேயரிடையே வழங்கிய பேச்சு. கல்கத்தாவில் காய்ச்சலும் வாந்திபேதியும் அதை மெய்யாக்கின.

அங்கே மிக உயரமான கூர்தூண் சர் வில்லியம் ஜோன்ஸுடையது. 1784-ல் ஆசியக் கழகத்தை நிறுவி, சமஸ்கிருதத்தையும் கிரேக்கத்தையும் இலத்தீனையும் ஒரே மூலத்தில் இணைத்துப் பேசிய அவர் 1794-ல் இறந்தார். தாவரவியல் தோட்டத்தை 1787-ல் தொடங்கிய ராபர்ட் கிட் தன் தோட்டத்திலேயே புதைக்கச் சொன்னார். கேட்கவில்லை, இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1800-ல் இருபது வயதில் இறந்த ரோஸ் ஐல்மரின் சமாதி, திருகு வரிகளோடு மேலே குறுகும் தூண். அவரைப் பற்றி வால்டர் சாவேஜ் லாண்டர் எழுதிய கவிதையைப் பின்னாளில் அதில் பதித்தார்கள். இந்து கல்லூரியில் மாணவர்களைக் கேள்வி கேட்கப் பழக்கியதற்காக வேலை போன டிரோசியோ, அதே 1831-ஆம் ஆண்டு டிசம்பரில் 22 வயதில் இங்கே வந்து சேர்ந்தார்.

எல்லாவற்றிலும் வேறுபட்டது சார்லஸ் ஸ்டூவர்ட்டின் சமாதி. அயர்லாந்துக்காரரான இந்தப் படைத் தளபதி நாள்தோறும் கங்கையில் நீராடினார், விக்கிரகங்களைச் சேர்த்தார், ‘இந்து ஸ்டூவர்ட்’ என்று கேலி செய்யப்பட்டார். 1828-ல் இறந்தவருக்குச் செதுக்கு வேலை மிகுந்த வாயிலோடு சின்னக் கோயிலையே கட்டினார்கள். கிறிஸ்தவ இடுகாட்டில் இந்துக் கோயில் வடிவச் சமாதி. இப்படி ஒன்று அமையச் சூழலில் கொஞ்சம் தாராளம் மிச்சமிருந்தது. அடுத்த தலைமுறை ஆங்கிலேயர் இதை அனுமதித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஆக்ராவிலும் இந்தக் கலப்பு ஒருமுறை உச்சத்துக்குப் போயிற்று. மராத்தியத் தலைவர் சிந்தியாவின் படையில் ஆக்ராக் கோட்டைத் தளபதியாக இருந்த டச்சுக்காரர் ஜான் ஹெசிங் 1803-ல் இறந்தார். அவர் மனைவி எழுப்பியது சிவப்பு மணற்கல்லில் ஒரு குட்டித் தாஜ்மகால். அதே தோட்டத்தில், பட்னாவில் 1763-ல் ஆங்கிலேயக் கைதிகளைக் கொன்ற கூலிப்படைத் தலைவன் வால்டர் ரைன்ஹார்ட்டும் கிடக்கிறான். சர்தானாவை ஆண்ட பேகம் சம்ருவின் கணவன் அவன். ஹெசிங் இறந்த சில மாதங்களில் ஆக்ரா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆட்சி உறுதியான பிறகு கல்லறைகளில் குவிமாடம் மறைந்து கோதிக் வளைவும் சிலுவையும் வந்துவிட்டன.

19-ஆம் நூற்றாண்டு, இராணுவக் குடியிருப்புகளும் மலைவாசத்தலங்களும் பெருகிய காலம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுவிஸ் நாட்டு டி மியூரான் படைப்பிரிவினரின் கல்லறைகள் உள்ளன. டார்ஜிலிங்கில், திபெத்திய-ஆங்கில அகராதி தொகுத்த ஹங்கேரியர் சோமா த கொரோஷ் 1842-ல் புதைக்கப்பட்டார். ஹங்கேரியர்களுக்கு அது யாத்திரைத் தலம். டெல்லி காஷ்மீரி கேட் அருகே ஜான் நிக்கல்சனும், லக்னோ ரெசிடென்சியில் ஹென்றி லாரன்சும் 1857 கிளர்ச்சியின் நினைவுகள். கல்கத்தாவின் கீழ் சர்க்குலர் சாலைத் தோட்டத்தில் 1873-ல் மறைந்த வங்கக் கவி மைக்கேல் மதுசூதன் தத் இருக்கிறார்.

பதவிக்குத் தக்க உயரம் என்ற வழக்கத்தை முடித்துவைத்தவை போர்க் கல்லறைகள். 1917-ல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று விதி செய்தது. நாகாலாந்தின் கொஹிமாவில் 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானியப் படையோடு நடந்த சண்டையில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானமே போர்முனை. அந்த மைதானக் கோடுகளைக் காரையில் குறித்து வைத்து, சுற்றிலும் அடுக்கடுக்காக 1,420 கல்லறைகள் அமைத்திருக்கிறார்கள். எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் தனி நினைவுச் சின்னத்தில் உள்ளன. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையும் இதே ஆணையத்தின் பராமரிப்பில் இருப்பது.

மற்றவற்றின் நிலை அப்படி இல்லை. தொல்லியல் துறை எடுத்துக்கொண்டவை சில. மீதி எல்லாம் திருச்சபைகளின் வருமானத்தை நம்பியவை. தெற்கு பார்க் தெருவுக்கு எதிரே இருந்த வடக்கு பார்க் தெருக் கல்லறைத் தோட்டம் 1950-களில் இடிக்கப்பட்டது. நாவலாசிரியர் தாக்கரேயின் தந்தை 1815-ல் புதைக்கப்பட்ட இடம் அது. தெற்காசியக் கல்லறைகளைக் காப்பதற்காக லண்டனில் தியோன் வில்கின்சன் 1976-ல் தொடங்கிய சங்கம் பல இடங்களில் பழுதுபார்க்கப் பணம் தந்திருக்கிறது. இத்தனை பெரிய நாட்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கல் போன பிறகும் பெயர்கள் தங்கியது இரண்டு புத்தகங்களால். கல்கத்தாவில் கல்லறைக் கல் செய்து விற்ற ஹோம்ஸ் கம்பெனி, வங்கத்துக் கல்லறை எழுத்துகளை 1848-ல் தொகுத்து அச்சிட்டது. சென்னை மாகாணத்துக்கு ஜே.ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905-ல் அதையே செய்தார். அதன்பின் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய் யாரும் முழுதாகச் சரிபார்த்ததில்லை என்றே படுகிறது. உங்கள் ஊரில் பழைய கல்லறைத் தோட்டம் இருந்தால், காவலாளியிடம் அனுமதி பெற்று உள்ளே போய், கல்லில் இருப்பதை வரி பிசகாமல் எழுதி, ஒரு புகைப்படமும் எடுத்து அருகிலுள்ள நூலகத்துக்கோ கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ கொடுத்து வையுங்கள்.