அணு அச்சமும் சொல்லின் ஆட்சியும்

பொருள் ஒன்றாகவே இருக்க, அதனைக் குறிக்கும் சொல் மாறினால் கேட்போர் உள்ளமும் மாறும் என்பதைத் தமிழிலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தது. நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கல வழக்கிற்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகளாகும். இலக்கணம் இவ்வழக்கினை நாகரிகம் கருதி ஏற்றது. ஆனால் போரையும் அணுவாயுதத்தையும் பற்றி அரசுகள் பேசும்போது இதே முறையைக் கையாளுமானால், அது நாகரிகத்தோடு நின்றுவிடுவதில்லை. மக்களின் தீர்ப்பையே ஒரு பக்கம் சாய்த்துவிடுகின்றது.

ஓவியத்திற்குச் சட்டம் போடுகிறவன் எதைச் சட்டத்திற்குள் வைக்கிறானோ அதுவே பார்ப்பவர் கண்ணுக்குப் படும். வெட்டி நீக்கப்பட்ட ஓரம் எவர் நினைவுக்கும் வராது. செய்திக்கும் இத்தகைய சட்டம் உண்டு. எந்தச் சொல்லால் பெயரிடுவது, எந்த எண்ணை முன்வைப்பது, எதனைச் சொல்லாமல் விடுவது என்ற மூன்றுமே அச்சட்டத்தின் பக்கங்கள்.

இதன் வலிமையை ஆமோஸ் டிவெர்ஸ்கி, டேனியல் கானமன் என்னும் இரு உளவியலறிஞர்கள் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டிற்று. ஒரு கொடிய நோயால் 600 பேர் இறக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு, இரண்டு திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு மாணவர்களை அவர்கள் கேட்டனர். முதல் திட்டத்தில் 200 பேர் உறுதியாகக் காப்பாற்றப்படுவர். மற்றதில் 600 பேரும் பிழைக்க மூன்றில் ஒரு பங்கும், ஒருவரும் பிழையாதிருக்க மூன்றில் இரு பங்கும் வாய்ப்புண்டு. நூற்றுக்கு 72 பேர் உறுதியான திட்டத்தையே விரும்பினர். வேறொரு குழுவினரிடம் அதே திட்டங்கள் சொல் மாற்றிக் கூறப்பட்டன: முதல் திட்டத்தில் 400 பேர் இறப்பர்; மற்றதில் எவரும் இறவாதிருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. இம்முறை நூற்றுக்கு 78 பேர் உறுதியான திட்டத்தைக் கைவிட்டுச் சூதாட்டம் போன்ற இரண்டாம் திட்டத்தைத் தேர்ந்தனர். கணக்கு ஒன்றே, ‘பிழைப்பர்’ என்ற சொல் ‘இறப்பர்’ என்று மாறியதே வேறுபாடு.

நோய்க்குப் பொருந்தும் இவ்வுண்மை அணு ஆயுதத்திற்கும் பொருந்தும். 1962 அக்டோபரில் சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் நிறுவப்படுவதை அமெரிக்கா கண்டறிந்தது. அம்மாதம் 22ஆம் நாள் அதிபர் கென்னடி தம் நாட்டு மக்களிடம் பேசியபோது, கியூபாவைச் சுற்றிக் கடற்படையை நிறுத்தும் செயலை ‘முற்றுகை’ என்று கூறவில்லை. முற்றுகை என்பது உலகச் சட்டப்படி போர்ச்செயலாகும். ஆகவே, நோய் பரவாமல் கப்பல்களையும் பயணிகளையும் தடுத்து வைப்பதற்குரிய ‘குவாரண்டைன்’ என்ற சொல்லை அவர் ஆண்டார். ஒருகாலத்தில் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர்களைப் பினாங்கின் ஜெரஜாக் தீவில் தடுத்து வைத்தார்களே, அந்த ஏற்பாட்டிற்குரிய சொல் அது. அரசியலில் தோன்றிய மங்கல வழக்கு என்றே இதனைக் கூறலாம். அமெரிக்கா தாக்குதலுக்குரியவை என்று குறித்த ஏவுகணைகளையே சோவியத் அரசு தற்காப்புக்குரியவை என்று குறித்தது. துருக்கியில் இருந்த அமெரிக்காவின் ஜூபிட்டர் ஏவுகணைகளை அகற்றுவதாகக் கென்னடி தரப்பு அளித்த உறுதியோ பல ஆண்டுகள் மறைத்து வைக்கப்பட்டது. சட்டத்திற்கு வெளியே வெட்டப்பட்ட ஓரம் அதுவே.

இது தொலைதூரத்துக் கதை என்று ஜொகூர் வாசகர் எண்ணிவிட இயலாது. அதே 1962 முதல் 1970 வரை, ஜொகூர் நீரிணையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள சிங்கப்பூரின் தெங்கா விமானத்தளத்தில், பிரிட்டிஷ் விமானப்படைக்குரிய 48 ‘ரெட் பியர்டு’ அணுகுண்டுகளை வைப்பதற்கான கிடங்கு இரகசியமாக இயங்கியது. 1963 முதல் 1965 வரை சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு பகுதியாகவும் இருந்தது. 1964 ஆகஸ்டில் பொந்தியானிலும் செப்டம்பரில் லாபிசிலும் இந்தோனேசியப் படையினர் இறங்கியபோது, அந்த ஆபத்தினை நாடே அறிந்தது. நீரிணைக்கு அப்பால் இருந்த கிடங்கினைப் பற்றியோ மக்களுக்கு ஒரு சொல்லும் கூறப்படவில்லை. பழைய அரசாங்கக் கோப்புகள் திறக்கப்பட்ட பின்னர், 2000ஆம் ஆண்டளவிலேதான் அச்செய்தி வெளியாயிற்று. எதிரியின் ஆயுதம் பெரிய எழுத்தில் அச்சாகும். நண்பனின் ஆயுதம் அச்சேறாது. பெயரே இல்லாத பொருளைப் பற்றி மக்கள் கருத்து எங்ஙனம் உருவாகும்?

அண்மைக் காலத்திற்கு வருவோம். 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளும் ‘ஆக்கஸ்’ உடன்பாட்டை அறிவித்தன. ஆஸ்திரேலியா அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பெறுவது அதன் முதல் நோக்கம். ‘அணுசக்தியால் இயங்குவன, அணுவாயுதம் தாங்கியன அல்ல’ என்பது அந்நாடுகள் இட்ட சட்டம். இவ்வட்டாரத்தில் அணுவாயுதப் போட்டிக்கு இது தூண்டுகோலாகலாம் என்று அப்போதைய மலேசியப் பிரதமர் இஸ்மாயில் சப்ரி கவலை தெரிவித்தார். இது மற்றொரு சட்டம். தென்கிழக்காசியாவை அணுவாயுதமற்ற வட்டாரமாக்கும் பேங்காக் உடன்படிக்கையில் 1995இல் கையொப்பமிட்ட நாடு மலேசியா. அணுவாயுதத் தடை உடன்படிக்கையையும் 2020இல் அது உறுதிப்படுத்தியது. எனவே அக்கவலைக்கு வேர் உண்டு.

இரண்டு கூற்றுகளிலும் பொய் இல்லை; ஆயினும் இரண்டும் முழுமையல்ல. முதற்கூற்று, அமெரிக்க, பிரிட்டிஷ் அணு நீர்மூழ்கிகள் குண்டு செய்வதற்கும் ஏற்ற அளவு செறிவூட்டிய யுரேனியத்தால் இயங்குகின்றன என்பதை வெளியே விடுகின்றது. இரண்டாவது கூற்றை மட்டும் படிப்பவர், ஆஸ்திரேலியக் கப்பல்களில் அணுகுண்டு இராது என்பதையும், சீனாவிடம் அணு நீர்மூழ்கிகள் முன்னரே உள்ளன என்பதையும் மறந்துவிடக்கூடும்.

சட்டத்தின் விளைவு வெறும் கருத்தோடு முடிவதன்று. ஸ்காட் சேகன், பெஞ்சமின் வாலண்டினோ என்னும் அறிஞர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஈரானோடு போர் மூண்டதாக ஒரு கற்பனைச் செய்தி அமெரிக்கர்களுக்குத் தரப்பட்டது. தம் நாட்டு வீரர் 20,000 பேர் மடிவதைத் தவிர்க்க ஈரானிய நகரொன்றின் மீது அணுகுண்டு வீசினால் ஏற்பீர்களா என்று வினவப்பட்டபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் ஏற்பதாகக் கூறினர். மடியும் பொதுமக்கள் ஓர் இலட்சம் என்று கூறப்பட்டபோதும், இருபது இலட்சம் என்று கூறப்பட்டபோதும் அவ்வளவில் பெரிய மாற்றமில்லை. ‘நம் வீரரின் உயிர்’ என்ற சட்டத்திற்குள் அயலார் உயிர் எண்ணிக்கையாக மட்டுமே நின்றது.

ஆகவே தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கடமையுண்டு. செய்தித்தாள் வாசிக்கும் மாணவனுக்கு மூன்று வினாக்களைப் பழக்கினால் போதும். இச்செயலுக்கு எதிர்த்தரப்பார் இட்ட பெயர் யாது? இங்குத் தரப்பட்ட எண்ணை மறுபுறமாகத் திருப்பிச் சொன்னால் எப்படி ஒலிக்கும்? இச்செய்தியில் பேசப்படாதவர் யார்? தகுதி வழக்கினைக் கற்பிக்கும் பாடவேளையிலேயே இவற்றையும் சேர்த்துக் கற்பிக்கலாம். மங்கலச் சொல்லை அடையாளங்காணத் தெரிந்த மாணவன், நாளை அணுவாயுதம் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, பிறர் இட்ட சட்டத்தின் ஓரத்தையும் தேடிப் பார்ப்பான். அதன் பின்னர் அவன் அஞ்சினாலும் அஞ்சாவிட்டாலும், அது அவனுடைய சொந்தத் தீர்ப்பாக இருக்கும்.