டேடோனாவின் கடைசிச் சுற்று

1979-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ஆம் தேதி, அமெரிக்காவின் வடகிழக்குப் பிரதேசம் பனிப்புயலில் சிக்கி ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த வேளையில், தெற்கே புளோரிடா மாகாணத்தின் டேடோனாவில் நடந்த 500 மைல் 'ஸ்டாக் கார்' பந்தயத்தைச் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஆரம்பம் முதல் முடிவு வரை நேரடியாக ஒளிபரப்பியது. அந்தத் தேசத்தில் 500 மைல் பந்தயம் ஒன்று முழுமையாக ஒளிபரப்பானது அதுவே முதல் தடவை. தென் மாகாணத்தாரின் கேளிக்கை என்று கருதப்பட்டு வந்த ஒன்றை, அதுவரை அறியாத லட்சக்கணக்கானோர் அன்று பிரத்தியட்சமாகக் கண்டார்கள்.

கடைவீதியில் விலைக்குக் கிடைக்கும் கார்களின் உருவமும், பந்தயத்துக்கென்றே பலப்படுத்தப்பட்ட உள்ளமைப்பும் கொண்ட வண்டிகள் அவை. இரண்டரை மைல் நீளமுள்ள அந்தப் பாதையின் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்து எழும்பி நிற்பதால், அசாத்திய வேகத்தோடே வண்டிகளால் திரும்ப முடிகிறது. அந்த வேகத்தில் காற்றுதான் பெரும் விரோதி. முன்னால் போகும் வண்டி காற்றைப் பிளந்துகொண்டு செல்ல, அதை ஒட்டினாற்போல் வரும் வண்டிக்குத் தடை குறைந்து இயந்திரத்தின் சக்தி மிச்சமாகிறது. தக்க தருணத்தில் விலகி அம்மிச்சத்தைச் செலவிட்டால் முந்திவிடலாம். ஆகவே கடைசிச் சுற்றில் முதலாவதாகச் செல்பவரைவிட இரண்டாமவருக்கே அனுகூலம் அதிகம்.

அன்று அந்த இரண்டாம் இடத்தில் இருந்தவர் கேல் யார்பரோ. ஆரம்பக் கட்டத்தில் டானி, பாபி என்ற அலிசன் சகோதரர்களோடு சிக்கி, மழையால் சேறாகியிருந்த உட்புறத் தரையில் சுழன்று மூன்று சுற்றுகள் பின்தங்கிய அவர், அவற்றை ஒவ்வொன்றாக மீட்டு, முன்னணியில் இருந்த டானியின் பின்னால் வந்து சேர்ந்தார். அன்றைய சம்பவங்களில் எல்லாவற்றிலும் மேலான சாமர்த்தியம் இதுவே என்பேன்.

கடைசிச் சுற்றில், வளைவுகளுக்கு இடைப்பட்ட நேர்ப்பாதையில் யார்பரோ உட்புறமாக விலகினார். டானியும் கீழிறங்கி வழியை மறித்தார். ஈரப் புல்லில் இறங்கிய யார்பரோவின் வண்டி டானியின் வண்டியோடு மீண்டும் மீண்டும் மோதி, இரண்டும் மூன்றாம் வளைவின் சுவரில் இடித்துச் சரிந்து நின்றன. அங்கே வந்து வண்டியை நிறுத்திய பாபியோடு யார்பரோ கைகலந்ததைக் காமிராக்கள் நாடெங்கும் காட்டின. பத்திரிகைகள் இன்றும் அந்தக் குத்துச்சண்டையையே பெரிதாகச் சொல்கின்றன. மூன்று சுற்றுகளை மீட்ட வித்தைக்கு அது இழைக்கப்பட்ட அநீதி.

அரைச் சுற்றுக்கும் அப்பால் மூன்றாம் இடத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டி, எதிர்பாராத விதமாக முதலிடத்துக்கு வந்து, பின்தொடர்ந்த டேரல் வால்ட்ரிப்பை முந்தவிடாமல் தடுத்து, டேடோனாவின் இந்த 500 மைல் பந்தயத்தில் தம் ஆறாவது வெற்றியைப் பெற்றார். சில மாதங்களுக்கு முன்புதான் வயிற்றுப் புண்ணுக்காக அவருடைய இரைப்பையில் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய 45 பந்தயங்களில் அவருக்கு ஒரு ஜயமும் இல்லை. அவ்வருஷத்துச் சாம்பியன் பட்டத்தையும், அதே வால்ட்ரிப்பைவிட 11 புள்ளிகள் மட்டுமே அதிகம் பெற்று, ஏழாவது முறையாக அவரே அடைந்தார்.